அயலகக் கல்லில் வங்க எழுத்து

போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் மரபைத் தொல்காப்பியம் புறத்திணையியலுள், கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக, ஆறு நிலைகளில் வகுத்துரைக்கிறது. இப்பகுதியைப் பயிற்றும்போது மாணவர் நம்மிடம் ஒரு வினா எழுப்புவதுண்டு. தன் ஊரின் ஆநிரை காத்து மாண்டவனுக்கு ஊரார் கல் நடுவர். தன் மொழி அறியாத நாட்டில் வீழ்ந்தவனை யார் நினைப்பர்? இவ்வினாவுக்கு விடை தேடும்போது நம் நினைவில் எழுபவர் முதல் உலகப்போரில் மாண்ட விமானி இந்திரலால் ராய்.

அவர் 1898 டிசம்பர் 2 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். அன்னையார் லலிதா ராய், பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டி இலண்டனில் 1911 இல் நடந்த பேரணியில் நடந்தவர். இலண்டன் செயின்ட் பால் பள்ளியில் பயின்ற இந்திரலால் வானூர்திப் படையில் சேர விழைந்தார். கண்பார்வை போதாது எனத் தள்ளப்பட்டதும், தம் மோட்டார் சைக்கிளை விற்று வேறொரு கண் மருத்துவரிடம் சான்று பெற்றார் என்பர். 1917 இல் அரச பறக்கும் படை அவரை ஏற்றது.

அவ்வாண்டு டிசம்பர் 6 இல் அவரது விமானம் தரையில் மோதியது. மாண்டார் எனப் பிணவறையில் கிடத்தப்பட்டவர் விழித்தெழுந்து கதவைத் தட்டினார் என்றொரு செய்தி வழங்குகிறது. வீரர் வரலாற்றில் இத்தகைய கதைகள் வந்து சேர்வது இயல்பு. ஆதலின் அதனைச் செவிவழிச் செய்தியாகவே கொள்வோம். நலம் பெறும் நாள்களில் அவர் விமானங்களைப் படமாக வரைந்தார் என்பதே நம் உள்ளத்தை அதிகம் தொடுகிறது. பதினெட்டு, பத்தொன்பது அகவையினர் நோட்டுப் புத்தக ஓரங்களில் வரைவதை நாம் நாளும் காண்கிறோம் அல்லவா!

1918 ஜூனில் 40 ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள் அவர் கணக்கில் ஏறின. அவற்றுள் இரண்டு பிறரோடு பகிர்ந்தவை. ஜூலை 8 இல் மட்டும் நான்கு மணி நேரத்துள் மூன்று. முற்றும் அழிந்த விமானமும், கட்டுப்பாடு இழந்து விழக் கண்ட விமானமும் அக்காலக் கணக்கில் வெற்றியே. அவற்றுட் பல, இருவர் அமர்ந்து செல்லும் ஹனோவர் விமானங்கள் என்பதையும் மறத்தலாகாது. அவற்றில் இருந்தோரும் தாய் பெற்ற மக்களே. ஜூலை 22 இல் கார்வன் நகருக்கு மேலே ஜெர்மானியரின் ஃபாக்கர் விமானங்களோடு பொருது இந்திரலால் மாண்டார். அகவை பத்தொன்பது. அவருக்கு வழிகாட்டிய மேக்எல்ராயும் ஒன்பது நாள் கழித்து வீழ்ந்தார். டிஸ்டிங்குவிஷ்டு ஃப்ளையிங் கிராஸ் என்னும் விருது செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பெற அவர் இல்லை.

அவர் எதற்காக மாண்டார் எனக் கேட்பது தகும். அவர் காத்தது தம் நாட்டை அடிமை கொண்டிருந்த பேரரசை. அவர் மாண்டு ஓராண்டு நிறையுமுன், 1919 ஏப்ரலில், அப்பேரரசின் படையே ஜாலியன்வாலா பாகில் மக்களைச் சுட்டது. இதனைச் சொல்லாமல் அவர் வீரத்தை மட்டும் போற்றுவது அரைகுறை வரலாறு. அதற்காக அவரை மறப்பதும் முறையன்று என்பதே நம் கருத்து. வெள்ளையரே வானூர்தி ஓட்டவல்லார் என்று எண்ணப்பட்ட காலத்தில் அவரும், வேலிங்கர், எரோல் சந்தர் சென், ஹர்தித் சிங் மாலிக் ஆகியோரும் அவ்வெண்ணத்தை வானிலேயே பொய்யாக்கினர். இந்திரலாலின் உறவினர் சுப்ரதோ முகர்ஜி, 1954 இல் இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். 1998 இல், பிறந்த நூற்றாண்டில், இந்திய அஞ்சல் துறை இந்திரலாலுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

பிரான்சின் பா-து-கலே மாவட்டத்தில் எஸ்தெவெல் என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பொது இடுகாட்டில் அவர் உறங்குகிறார். கல்லறையில் பிரெஞ்சு மொழியோடு வங்க மொழியிலும் எழுதப்பட்டுள்ளது. இது வீரனின் உறைவிடம், மதிப்புக் காட்டுக, தொடாதிருக்க என்பது அதன் கருத்து. வங்கம் படிக்கவல்லார் அவ்வூரில் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? எனினும் தாய்மொழி அக்கல்லில் ஏறியது.

அதே மாவட்டத்தில் நவ்-ஷாப்பேல் என்னுமிடத்தில் 1927 இல் திறக்கப்பட்ட நினைவிடத்தையும் நாம் இங்குச் சொல்லியாக வேண்டும். அதன் தூணில் இறைவனின் ஒருமையைக் கூறும் தொடர் அரபு, தேவநாகரி, குர்முகி எழுத்துகளிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. தனக்கென ஓர் அடக்கத்தலம் அறியப்படாத 4,700 க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர், முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியரும், அங்குச் சுவரில் பெயராக மட்டும் இருக்கின்றனர்.