ஒவ்வாமை மருத்துவர் பேரவை

ஒருவர்க்கு உணவாவது மற்றொருவர்க்கு நஞ்சாதலும் உண்டு. உடலின் காப்பாற்றல், தீங்கற்ற பொருளையும் பகையெனக் கருதிப் பொருதலே அதற்குக் காரணமாம். உடலின் இத்தகைய மாறுபட்ட எதிர்வினைக்கு 1906ஆம் ஆண்டில் ‘அலர்ஜி’ எனப் பெயரிட்டவர் வியன்னா நகர மருத்துவர் பிர்க்கே என்பார். தமிழில் அதனை ஒவ்வாமை என்கிறோம்.

இத்துறையில் ஈடுபட்ட அமெரிக்க மருத்துவர்கள் தொடக்கத்தில் இரு சங்கங்களாக இயங்கினர். 1943ஆம் ஆண்டில் அவை இணைந்து ஒன்றாயின. அதுவே இன்று அமெரிக்க ஒவ்வாமை, ஆஸ்துமா, நோயெதிர்ப்பியல் பேரவை என வழங்குகின்றது. ஆண்டுதோறும் கூடி ஆராய்தலும் ஆய்விதழ் வெளியிடுதலும் அதன் பணிகளாம்.

இதனால் விளையும் பயன் யாது? நிலக்கடலை சில குழந்தைகளின் உயிர்க்கே ஊறு செய்யும். ஆதலின், ஒவ்வாமை நேரக்கூடிய குழந்தைகட்கு மூன்று வயதுவரை அதனைத் தரலாகாது என 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது. போதிய சான்று இன்மையால் 2008இல் அவ்வறிவுரை கைவிடப்பட்டது. அவ்வாண்டே பேரவையின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழவிப் பருவத்திலேயே கடலை உண்ணும் இஸ்ரேல் நாட்டுக் குழந்தைகளைவிட, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இவ்வொவ்வாமை பத்து மடங்கு மிகுந்திருந்தது! 640 குழந்தைகளைக் கொண்டு இலண்டனில் நிகழ்ந்த ஆய்வும் 2015இல் இவ்வுண்மையை நிலைநாட்டியது. உடனே பேரவையும் பிற சங்கங்களும் கூடி, மருத்துவர் மேற்பார்வையில் அக்குழந்தைகட்கு முதலாண்டிலேயே கடலையுணவைப் பழக்குமாறு அறிவித்தன.

மாணவர்களே! முன்னோர் கூற்றாயினும் ஆராய்ந்து, பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளுதலே அறிவுடையோர்க்கு அழகு. ஒருவராய் அன்றிப் பலராய்க் கூடி ஆராயுங்கால் அஃது எளிதாகும் அன்றோ?