வெள்ளை அணுவுக்கும் வோல்டேஜ் உண்டு!
(இரண்டாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)



வோல்ட், ஆம்பியர் என்று லேபில் தினமும் அளக்கிறோம். நம் இரத்தத்தில் நோயை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்களும் மின்சாரத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன என்றால் நம்புவீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

செல் ஒரு கெப்பாசிட்டர்

இரண்டு கடத்திகள், நடுவே ஒரு இன்சுலேட்டர். இதுதானே கெப்பாசிட்டர்? செல்லின் உள்ளேயும் வெளியேயும் உப்பு கரைந்த நீர். நடுவே கொழுப்பால் ஆன சவ்வு. அவ்வளவுதான், கெப்பாசிட்டர் ரெடி! வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கும் டி-செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட சுமார் 50 மில்லிவோல்ட் நெகட்டிவ். "பூ, இவ்வளவுதானா?" என்று நினைக்க வேண்டாம். சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்க: மீட்டருக்கு 1 கோடி வோல்ட்! காற்றோ சுமார் 30 லட்சத்திலேயே ஸ்பார்க் அடித்துவிடும்.

அந்த வோல்டேஜ் எதற்கு?

வைரஸின் அடையாளம் கண்டதும் டி-செல்லின் சவ்வில் கால்சியம் வாசல் திறக்கும். கால்சியம் அயனி பாசிட்டிவ், உள்ளே நெகட்டிவ். அதனால் உள்ளே இழுக்கப்படும். அதுதான் "தாக்கு" என்ற உத்தரவு. பாசிட்டிவ் சேரச் சேர இழுவிசை குறையுமே? அதற்குத்தான் பொட்டாசியம் வாசல். பொட்டாசியத்தை வெளியே விட்டு வோல்டேஜை நிலையாக வைக்கும், நம்ம ஸ்டெபிலைசர் மாதிரி. டி-செல்லில் இந்த வாசலை 1984-ல் கண்டார்கள். கால்சியம் வாசலான ஓராய்-1 புரதம் 2006-ல் தெரிய வந்தது. பிறவியிலேயே அது பழுதான குழந்தைகளால் கிருமிகளை எதிர்க்க முடிவதில்லை.

வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்?

மூன்று விதமான பலன்கள் தெரிந்துள்ளன.

1. வழிகாட்டல்: சிறிய மின்புலம் கொடுத்தால் லிம்போசைட் அணுக்கள் கேதோடு பக்கம் நகரும். இதை 2008-ல் காட்டினார்கள்.

2. துளையிடல்: வலுவான, மிகக் குறுகிய பல்ஸ் கொடுத்தால் சவ்வில் தற்காலிகத் துளைகள் விழும். 1982-ல் இவ்வழியாக எலியின் செல்களுக்குள் ஜீன் செலுத்தினார்கள். வைரஸுக்கு எதிரான டி.என்.ஏ. தடுப்பூசிச் சோதனைகளிலும் இந்த முறை பயன்பட்டது.

3. அடக்கல்: 2000-ல் அமெரிக்க மருத்துவர் கெவின் டிரேசியின் குழு எலிகளின் வேகஸ் நரம்புக்கு மின்தூண்டல் கொடுத்தது. வீக்கத்தை உண்டாக்கும் டி.என்.எஃப். என்ற பொருள் குறைந்தது. இதே தத்துவத்தில், முடக்குவாதத்துக்கான ஒரு கருவிக்கு 2025-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. கழுத்தில் உள்ளே பொருத்தும் கருவி; நாளுக்கு 1 நிமிடம்தான் வேலை.

கவனிக்க வேண்டியது

மூன்றாவதை நன்றாகப் பாருங்க. அங்கே கரண்ட் எதிர்ப்பைக் கூட்டவில்லை, குறைத்தது! முடக்குவாதக்காரருக்கு அது மருந்து. ஆனால் அதே டி.என்.எஃப். கிருமியோடு போராடும்போது நமக்கு ஆயுதம். ஆகவே "கரண்ட் வைத்தால் வைரஸ் ஓடிவிடும், எதிர்ப்புச் சக்தி ஏறும்" என்று யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் உடனே நம்பலாமா? எந்த நரம்பு? எத்தனை மில்லிஆம்பியர்? எத்தனை நொடி? எந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள்? ஒரு மோட்டாருக்கே ரேட்டிங் பார்க்காமல் சப்ளை கொடுப்போமா?

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான். அப்படிப்பட்ட பெட்டி வாசலுக்கு வந்தால் அம்மா நம்மைப் பார்த்துத்தான் கேட்பாங்க: "நீ கரண்ட் படிக்கிற புள்ள, இதை வாங்கலாமா, சொல்லு." சரியான பதில் சொல்வதற்கும் சேர்த்துத்தான் நம் படிப்பு.

படிப்போம்! கேள்வி கேட்போம்!