பிள்ளைச் சண்டைக்குத் தீர்ப்பு வேண்டாம், பேச்சு வேண்டும்



பிள்ளைகள் சண்டை போடாத லயம் எந்தத் தோட்டத்திலும் இல்லை. டயர் உருட்டச் சண்டை, பீலியில் யார் முதலில் முகம் கழுவுவது என்று சண்டை, அம்மா மடியில் யார் உட்காருவது என்று சண்டை. கொஞ்ச நேரம் போனால் அதே பிள்ளைகள் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார்கள்.

பெரியவர்கள் உள்ளே நுழைந்தால்தான் கதை மாறுகிறது. "ஒம் புள்ளதான் மொதல்ல அடிச்சிச்சி" என்று ஒரு தாய் சொல்வார். "நீ வளர்த்த லட்சணம் அப்பிடி" என்று மற்றவர் திருப்பிச் சொல்வார். பொழுது சாய்ந்ததும் ஆண்களும் சேர்ந்துகொண்டால் ஒரு சின்னக் கீறல் பொலிஸ் வரை போய்விடும். விசாரணைக்குப் போகிற நாளில் இரண்டு வீட்டுக்கும் பேர் விழாது. பிள்ளைகள் அன்றைக்கே மறந்த சண்டையைப் பெரியவர்கள் வருஷக்கணக்காகச் சுமப்பார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பங்குபோட்டு வாழும் நமக்கு இது பெரிய நட்டம்.

ஆகவே இந்த மாதப் பாடத்தில் நாம் ஒரு விஷயத்தைப் படிப்போம். பிள்ளைகளின் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதை விட்டு, அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளப் பழக்குவது எப்படி?

தீர்ப்புச் சொன்னால் என்ன நடக்கிறது?

சண்டைச் சத்தம் கேட்டதும் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ஓடிப்போய் ஒருவனுக்கு ஒரு அடி போடுவோம். பறித்த சாமானைப் பிடுங்கி மற்றவனிடம் கொடுப்போம். சத்தம் அடங்கிவிடும். சத்தம் அடங்கினால் சண்டை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

அடி வாங்கிய பிள்ளை என்ன படித்தது? பலமுள்ளவர் அடிக்கலாம் என்று படித்தது. அடுத்த முறை பெரியவர் காணாத இடத்தில் அடிக்கும். சாமான் கிடைத்த பிள்ளை என்ன படித்தது? பலமாக அழுதால் காரியம் ஆகும் என்று படித்தது. இருவருமே பேசப் படிக்கவில்லை.

பிள்ளை நம் சொல்லைவிட நம் செய்கையையே பார்த்துப் படிக்கிறது. 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் பண்டுரா என்ற உளவியல் அறிஞர் தம் சகாக்களுடன் ஒரு சோதனை செய்தார். அதில் பங்குபற்றியவர்கள் 72 சிறு பிள்ளைகள், மூன்று வயது முதல் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். காற்றடைத்த ஒரு பெரிய பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் திட்டுவதையும் சில பிள்ளைகள் பார்த்தார்கள். வேறு சிலர் பெரியவர் அமைதியாக இருப்பதைப் பார்த்தார்கள். இன்னும் சிலருக்கு எதுவும் காட்டப்படவில்லை. பிறகு பொம்மையோடு தனியாக விட்டபோது, அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள்தான் அதேபோல் அடித்தார்கள், அதே சொற்களைச் சொல்லியும் திட்டினார்கள். "அடிச்சா அடி வாங்குவ" என்று சொல்லிக்கொண்டே நாம் அடிக்கும்போது பிள்ளையின் மனதில் எது பதியும் என்று யோசித்துப் பாருங்கள்.

தவறணைக்குப் போய்வந்து கத்தும் தகப்பனையும், கதவுக்குப் பின்னால் அழும் தாயையும் பார்க்கிற பிள்ளை, மறுநாள் பிள்ளைக்காம்பராவில் அதையே செய்து காட்டும். அந்தப் பிள்ளையை "முரட்டுப் பிள்ளை" என்று ஒதுக்குவதில் நியாயம் இல்லை.

எந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம்?

இரண்டு, மூன்று வயதில் பிள்ளைக்கு "என்னுடையது" என்ற எண்ணம் பலமாக இருக்கும். பங்கு போடத் தெரியாது. அது கெட்ட குணம் இல்லை, அந்த வயதின் இயல்பு. கடிப்பதும் தள்ளுவதும் பெரும்பாலும் சொல்லத் தெரியாததால் வருவது. இந்த வயதுப் பிள்ளைக்கு நாமே சொல்லைக் கொடுக்க வேண்டும்: "எனக்கும் வேணும்னு கேளு", "தள்ளாதேன்னு சொல்லு."

நான்கு வயது அளவில், மற்றவர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறு என்று பிள்ளைக்கு விளங்கத் தொடங்கும். "அவளுக்கு எப்படி இருக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். பேசித் தீர்க்கப் பழக்க நல்ல வயது இது.

ஆறு முதல் எட்டு வயதில் பிள்ளைகள் தாங்களே விளையாட்டுச் சட்டம் போடுவார்கள். முறை வைத்துக்கொள்வார்கள். சின்னவர்கள் சண்டையை விலக்கி வைக்கவும் முடியும். அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.

பசியும் தூக்கமும் சண்டையை வளர்க்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் அழுகையும் பறிப்பும் கூடும். அந்த நேரத்தில் புத்தி சொல்வது வீண். முதலில் சோற்றைக் கொடுங்கள்.

பேசித் தீர்க்க ஆறு படிகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1970இல் தொடங்கிய ஹைஸ்கோப் என்ற நிறுவனம், முன்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆறு படிகள் கொண்ட ஒரு முறையைக் கற்பிக்கிறது. அதை நம் பிள்ளைக்காம்பராவுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஐந்து வயதுப் பையன் ஒருவனும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் ஒரு பழைய சைக்கிள் டயரை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. கிட்டப் போய்க் குந்துங்கள். தூரத்தில் நின்று கத்த வேண்டாம். பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்து, அடிக்கிற கையை மெதுவாகப் பிடியுங்கள். "அடிக்கக் கூடாது. பேசி முடியும் மட்டும் டயர நான் வச்சிருக்கேன்" என்று சொல்லுங்கள்.

2. மனதைச் சொல்லுங்கள். "ஒனக்குக் கோவம் வந்திருச்சி. ஒனக்கு அழுகை வருது." தன் மனதை ஒருவர் புரிந்துகொண்டார் என்று தெரிந்தாலே பாதிக் கோபம் இறங்கும்.

3. இருவரையும் கேளுங்கள். "யாரு தொடங்குனது?" என்று கேட்டால் இருவரும் மற்றவரைத்தான் காட்டுவார்கள். "என்னா நடந்திச்சி?" என்று கேளுங்கள். ஒரு கூழாங்கல்லைக் கையில் கொடுத்து, கல் வைத்திருப்பவர்தான் பேசலாம் என்று சட்டம் போடலாம். மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

4. பிரச்சினையை எடுத்துச் சொல்லுங்கள். "ஒரு டயருதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் வேணும்." இதில் குற்றவாளி யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

5. வழி கேளுங்கள். "இப்ப என்னா செய்யலாம்?" கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். "நான் அந்த மரம் வரைக்கும் உருட்டுறேன், அப்புறம் அவ உருட்டட்டும்" என்று பையன் சொல்லலாம். "ரெண்டு பேரும் சேந்து உருட்டலாம்" என்று சிறுமி சொல்லலாம். நமக்குப் பிடித்த வழியாக இருக்க வேண்டியதில்லை. இருவரும் சம்மதித்தால் போதும். வழி ஒன்றும் வராவிட்டால் நாம் இரண்டு வழி சொல்லி, அவர்களைத் தெரிவு செய்யச் சொல்லலாம்.

6. திரும்பி வந்து பாருங்கள். சொன்னபடி நடக்கிறதா? நடந்தால் "ரெண்டு பேரும் பேசியே தீத்துக்கிட்டீங்களே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பிள்ளை மனதில் நிற்கும்.

"மன்னிப்புக் கேளு" என்று கட்டாயப்படுத்தினால் பிள்ளை வாயால் மட்டும் சொல்லிவிட்டு ஓடும். தள்ளி விழுத்திய பிள்ளை, விழுந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவரட்டும், சிதறிய விளையாட்டுச் சாமானைப் பொறுக்கிக் கொடுக்கட்டும். செய்த பிழையைச் சரிசெய்யப் படிப்பது மன்னிப்பைவிடப் பெரிது.

இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சண்டைக்கும் இப்படி உட்கார முடியுமா என்று ஆயம்மாமார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாளுக்கு ஒரு சண்டையை மட்டும் எடுத்து இப்படித் தீர்த்து வையுங்கள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தே படிப்பார்கள். முதலில் பத்து நிமிஷம் போகும். பழகிய பிறகு நேரம் குறையும்.

சமாதானம் என்றால் வாய் மூடி இருப்பதா?

இல்லை. இதை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். எப்போதும் விட்டுக்கொடுக்கிற பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று புகழ்கிறோம். முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம் "நீ விட்டுக் குடு, அவன் ஆம்பளப் புள்ள" என்கிறோம். அப்படி வளரும் பெண் நாளைக்குத் தனக்கு அநியாயம் நடந்தாலும் பேசமாட்டாள். "எனக்கு இது பிடிக்கல, நிறுத்து" என்று அடிக்காமல், அழுத்தமாகச் சொல்லத் தெரிவதும் சமாதானப் பாடம்தான்.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்கச் சொல்லவும் கூடாது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைத் தொடர்ந்து துன்புறுத்தினாலோ, பெரியவர் ஒருவர் பிள்ளையை அடித்துக் காயப்படுத்தினாலோ, தகாத முறையில் தொட்டாலோ, அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. பாதுகாப்புத்தான் முதல் வேலை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். பாடசாலையில் பிள்ளைகளை அடிப்பதையும் 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் தடை செய்திருக்கிறது.

அடுத்த வீட்டுப் பிள்ளையும் அடுத்த கிராமத்துப் பிள்ளையும்

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் நம் மலையக மக்களும் வீடு இழந்தார்கள், உயிர் இழந்தார்கள். நாட்டின் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அந்தக் காலத்துப் பயமும் கசப்பும் பெரியவர்களின் பேச்சில் இன்னும் வரும். நடந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்கச் சொல்லவில்லை. வயது வரும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் "அவனுங்க எல்லாருமே அப்பிடித்தான்" என்ற ஒரு வார்த்தை போதும், நான்கு வயதுப் பிள்ளை அடுத்த கிராமத்துப் பிள்ளையைப் பார்த்துப் பயப்படத் தொடங்கும். "அந்த ஆள் செய்தது பிழை" என்று சொல்வது வேறு, "அந்தச் சாதி, அந்த மதம், அந்த மொழிக்காரர் எல்லாரும்" என்று சொல்வது வேறு. நம் தோட்டத்துக்குள்ளேயே சாதி சொல்லி ஒதுக்குவதும் இதில் சேரும்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 29ஆம் உறுப்புரையும் இதையே கேட்கிறது. எல்லா இனத்தாரோடும் மதத்தாரோடும் புரிந்துணர்வோடு, சமாதானமாக வாழப் பிள்ளையைத் தயார் செய்வது கல்வியின் ஒரு நோக்கம் என்கிறது. இதற்குப் பெரிய செலவு இல்லை. பிள்ளைக்குச் சிங்களத்தில் வணக்கம் சொல்லவும், பெயர் கேட்கவும், "சேர்ந்து விளையாடுவோமா" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தால் அதுவே தொடக்கம்.

வீட்டில் செய்யக்கூடியவை

மலையேறிக் கொழுந்தெடுத்து வந்த தாய்க்கு உடம்பெல்லாம் வலிக்கும். அடுப்பும் காத்திருக்கும். ஆகவே சின்ன விஷயங்களையே சொல்கிறோம்.

கோபம் வந்தால் பிள்ளைக்குக் கேட்கச் சொல்லுங்கள்: "அம்மாவுக்குக் கோவமா இருக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுறேன்." கோபத்தை அடக்கும் விதத்தைப் பிள்ளை அதிலிருந்து படிக்கும். கணவன் மனைவிக்குள் சண்டை வந்து சமாதானமானால், சமாதானமானதையும் பிள்ளை பார்க்கட்டும்.

படுக்கும் நேரம் ஒற்றைமரப் பாலத்தில் எதிர் எதிரே வந்த இரண்டு ஆடுகளின் கதையைச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி, "இப்ப இந்த ஆடுங்க என்னா செய்யணும்?" என்று கேளுங்கள். பதிலைத் திருத்த வேண்டாம். பேச விடுங்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு சண்டை என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், உடனே வாசலுக்கு இறங்காதீர்கள். முதலில் கேளுங்கள். பிறகு இரண்டு தாய்மாரும் சேர்ந்து இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, அந்த ஆறு படிகளைச் செய்து பாருங்கள்.

இந்த மாதப் பயிற்சி

தாய்மார் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

1. நம் லயத்தில் பெரியவர் சண்டையாக மாறிய பிள்ளைச் சண்டை எது? பெயர் சொல்லாமல் பேசுங்கள். எந்த இடத்தில் அதை நிறுத்தியிருக்கலாம்?

2. கடந்த வாரம் பிள்ளையை எத்தனை முறை அடித்தோம்? அதில் எத்தனை முறை நம் களைப்பு காரணம்?

3. "விட்டுக் குடு" என்று நம் வீட்டில் அதிகம் யாரிடம் சொல்கிறோம்?

ஒரே ஒரு சண்டையை இந்த மாதம் அடிக்காமல், தீர்ப்புச் சொல்லாமல் தீர்த்து வைத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை அடுத்த கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.