பசலையும் சோகையும்

தலைவிக்குற்ற பசலையை வகுப்பில் விரித்துரைக்கும் நான், கடைசி வாங்கில் முகம்வெளிறித் தூங்கிய மாணவனொருவனைச் சோம்பேறியென்று கடிந்ததுண்டு. அவனுக்குற்றது சோகை, சித்தமருத்துவர் பாண்டு என்பர்.

செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாள் வாழும். அதற்குச் செந்நிறமளித்து ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். கலத்தின் ஆக்கம் குன்றினும், அழிவு மிகினும், குருதி உடலினின்று ஒழுகினும் அது குறைந்துவிடும். திருகோணமலைப் பகுதியில் எம் முன்னோரை வெளிறச்செய்தது மலேரியா. அதன் கிருமி கலத்தினுட் பெருகி, அதனை உடைத்து வெளிப்படும். 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்றிதழ் பெற்றது. இன்று நாம் முதலில் ஐயுற வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. மீனும் முருங்கையிலையும் மலிந்த துறைமுகத்திலுமா எனில், ஆம். சோற்றோடு குடிக்கும் தேநீர் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும். கொழுக்கிப்புழுவோ குடலிலிருந்து குருதியை உறிஞ்சும்.

ஆயினும் வெளிறியோர்க்கெல்லாம் இரும்பு மாத்திரை கொடுத்தல் பிழை. தலசீமியா பெற்றோர்வழி வருவது. அந்நோயாளர் உடலில் இரும்பு மிகுந்து தேங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். தாய் தந்தை இருவரும் அதன் காவிகளாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கிலொரு பங்கு அபாயமுண்டு. சாதகப் பொருத்தம் பார்க்கும் நம்மவர் குருதிச் சோதனையும் செய்துகொண்டாலென்ன?

மிகுதியும் நலமன்று. புகைப்போருக்கும் உயர்ந்த மலைகளில் வாழ்வோருக்கும் ஈமோகுளோபின் உயரும். வெயிலில் நீர்வற்றிய உடலில் குருதி செறிந்து, உயர்ந்ததுபோற் காட்டுவதுமுண்டு.

அம்மாணவனுக்குக் கண்டது கொழுக்கிப்புழு. பூச்சிமருந்தும் இரும்பும் பெற்றபின் அவன் முன்வாங்குக்கு வந்தான்.