சுவரின் முதுகில் தேங்கும் தண்ணீர்

தேவிகுளம்

அன்புள்ள மருமகனுக்கு,

சூரியநெல்லியில் சரிவை வெட்டிக் கட்டும் வீட்டில், ரோட்டு மட்டத்துக்குக் கீழே ஓர் அறை போடப்போவதாக எழுதியிருந்தாய். உள்ளே எந்தப் பெயின்ட் அடித்தால் ஈரம் வராது என்று கேட்டிருக்கிறாய். பெயின்டைப் பிறகு பார்ப்போம். மூன்று பக்கமும் மண் நிற்கும் அறைக்கு முதலில் வேண்டியது வடிகால்.

இடவப்பாதி மழை பிடித்தால் நம் மலைமண் நாள்கணக்கில் நீர் குடிக்கும். அந்த நீர் அடிப்பாறையைத் தொட்டதும் சரிவோடு இறங்கி, குறுக்கே நிற்கும் உன் சுவரின் முதுகில் தேங்கும். 1 மீட்டர் உயரம் தேங்கினால் சுவரின் அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் அழுத்தம். 2 மீட்டர் என்றால் 2 டன். உள்ளே அடித்த பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும். நீரைத் தேங்கவிடாதே, அழுத்தம் தானாகக் குறையும்.

மேலிருந்து தொடங்கு. 100 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். அதைக் குழாயில் இறக்கி, வீட்டைத் தாண்டி விடு. வீட்டுக்கு மேல்புறச் சரிவில் குறுக்காக ஒரு கான் வெட்டு. அடியில் சிமென்ட் பூசிவிடு. இல்லாவிட்டால் கானே மண்ணுக்குள் நீர் இறக்கும்.

அடுத்தது சுவர். வானம் தோண்டிக் கிடக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். சுவரின் வெளிப்பக்கம் நீர்காப்புப் பூச்சு அடி. அறையின் தரைமட்டத்துக்கும் கீழே, துளையிட்ட பிவிசி குழாயை 100-க்கு 1 வாட்டத்தில் பதி. துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். அடியில் சேரும் நீர் ஏறிக் குழாய்க்குள் வடியும். சுற்றிலும் கழுவிய ஜல்லி, அதை மூடி ஜியோ துணி. தோண்டிய மண்ணையே சுவரோரம் தள்ளிவிடலாம் என்று கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதே. மண் குழாயை அடைத்துவிடும். மேல்மட்டத்தில் மட்டும் களிமண் இட்டு, வெளிப்பக்கம் சாயும்படி இறுக்கு.

சென்னையில் கீழ்த்தளம் கட்டுகிறவர்கள் குழியில் நீரைச் சேர்த்து மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். கரன்ட் போனால் அதுவும் நிற்கும். உனக்குச் சரிவே போதும். குழாயின் வாயை ஓடையில் கொண்டுபோய் விடு. கீழ்வீட்டுக்காரரின் நிலத்தில் விட்டால் உன் ஈரம் அவர் சுவருக்குப் போகும். மழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் கானையும் குழாய் வாயையும் சுத்தம் செய்.

இன்னொன்றை மனதில் வை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேரை இழந்தோம். வடிகால் சுவரைக் காக்கும், சரிகிற மலையைத் தாங்காது. நிலத்தில் புது வெடிப்பு கண்டாலோ, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, வீட்டை விட்டு அப்போதே எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறு. சாமான்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

குழாய் பதிக்கும் நாளைச் சொல்; வாட்டம் பார்க்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா