முதுமையும் அமர்வும்

உ. வே. சாமிநாதையர் 1924இல் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வரானபோது எழுபது வயதை நெருங்கியிருந்தார். ஏட்டின்மேல் குனிந்தே கழிந்த வாழ்வு அவருடையது. இன்று கடலூர் அலுவலகங்களிலும் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்திலும் ஐம்பதைக் கடந்தோர் கணினித் திரைமுன் நெடுநேரம் அமர்கின்றனர்.

முதுகெலும்புக் கண்ணிகளுக்கிடையே 23 இடைத்தட்டுகள் உள்ளன. வளர்ந்தோரின் இடைத்தட்டுக்கு நேரடிக் குருதியோட்டம் மிகக் குறைவு. உடல் அசைவினால்தான் நீரும் ஊட்டமும் அதனுள் நன்கு ஊறிச் செல்கின்றன. அசையாது அமர்வது அதனைப் பட்டினியிடுவதற்கு ஒப்பாகும். வயது ஏற ஏற இடைத்தட்டு நீரிழந்து மெலிகிறது, தசைகள் தளர்கின்றன, மேல்முதுகு வளைந்து, தலை முன்னே நீள்கிறது.

கழுத்து நோகும்போது பலரும் நாற்காலியைக் குறைகூறுவர். சிலர் முதுமை என்று பொறுத்துக்கொள்வர். கண்ணை நினைப்பவர் அரியர். நாற்பதுக்குமேல் வெள்ளெழுத்து வருகிறது. இருகுவியக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் படிக்க, அவர்கள் மோவாயை உயர்த்திக் கழுத்தைப் பின்னோக்கி மடக்குகின்றனர். நாள்தோறும் பல மணிநேரம் இந்நிலை நீடிக்கிறது. இளையோர்க்குக் கண்மட்டத்தில் பொருந்தும் திரை இவர்களுக்குச் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். கணினித் தொலைவுக்கெனத் தனிக் கண்ணாடியும் கிடைக்கிறது. அதை அணிந்தால் தலையைப் பின்சாய்க்கத் தேவையில்லை.