இளநிலை உதவியாளரே, பதவி உயர்வுப் பேனலில் உங்கள் பெயர் விடுபடாமல் இருக்க

அரசு அலுவலகத்தில் பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி தானாக வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. வரிசை வரும், உண்மைதான். வரும் நாளில் ஒரு தேர்வு பாக்கி, ஒரு பதிவு இல்லை, ஒரு 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கை நிலுவை என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். அடுத்த பெயர் மேலே போய்விடும். பிறகு மனு, மேல்முறையீடு, நீதிமன்றம் என்று அலைவதற்குப் பதில் கீழே உள்ளவற்றைச் சரிபார்க்க இன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

செய்ய வேண்டியவை

• துறைத் தேர்வுகளை வேலையில் சேர்ந்த புதிதிலேயே முடித்துவிடுங்கள். டிஎன்பிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறைதான் நடத்துகிறது. ஒன்றை விட்டால் ஆறு மாதம் போச்சு. எந்தெந்தத் தேர்வு வேண்டும் என்பதை உங்கள் துறையின் பணி விதிகளில் நீங்களே பாருங்கள். பக்கத்து சீட் அண்ணன் சொல்வது அவர் காலத்துக்குச் சரியாக இருந்திருக்கும்.

• தேர்ச்சியைப் பணிப்பதிவேட்டில் (எஸ்.ஆர்.) ஏற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பாஸ் ஆனது உங்களுக்குத் தெரியும், எஸ்.ஆருக்குத் தெரியாது. பேனல் தயாரிப்பவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். தேர்வின் பெயர், பதிவெண், முடிவு வெளியான தேர்வாணைய இதழின் நாள், கீழே அலுவலரின் கையெழுத்து: நான்கும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கையெழுத்து மட்டும் விடுபட்ட பதிவுகள் ஏராளம். போட வேண்டிய அலுவலர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். மனிதவள மேலாண்மை இணையதளமான களஞ்சியத்திலும் அதே விவரம் ஏறியிருக்கட்டும்.

• தகுதிகாண் பருவம் முடிந்ததற்கான ஆணையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஆண்டு ஓடினால் மட்டும் போதாது, ஆணை வேண்டும்.

• பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் போய்விட்டு வாருங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த அழைப்பு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

• சீனியாரிட்டி பட்டியல் வந்த அன்றே படியுங்கள். ஆட்சேபணைக்குக் கெடு உண்டு. சீனியாரிட்டிக்கு அடிப்படை தரவரிசையா, இனச்சுழற்சியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பல துறைகளில் பட்டியலே மாறியது. போன முறை பார்த்தோமே என்று இருக்காதீர்கள்.

• தன்பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

• வீடோ மனையோ வாங்குமுன் துறைக்கு எழுதுங்கள். 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அதைக் கேட்கின்றன. பத்திரம் முடிந்தபின் எழுதினால் அதுவே குற்றச்சாட்டாகும்.

செய்யக்கூடாதவை

• குறிப்பாணைக்குப் பதில் தராமல் விடாதீர்கள். உங்களிடம் சொல்ல எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். அது 17(ஆ) ஆகி நிலுவையில் இருந்தால் பேனலில் உங்கள் பெயர் தள்ளிவைக்கப்படும். விசாரணை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். கோபத்தில் எழுதியதையும் அனுப்பாதீர்கள். ஓர் இரவு வைத்திருந்து, தேதியும் ஆவணமும் மட்டும் மிஞ்சும்படி அடித்துத் திருத்தி, மறுநாள் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

• கோப்புகளின் பட்டியல் இல்லாமல் சீட் பொறுப்பை ஏற்காதீர்கள். "எல்லாம் பீரோவில் இருக்கு தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, முன்பு அந்த சீட்டில் இருந்தவர் மாறுதலில் போய்விடுவார். ஆறு மாதம் கழித்துக் காணாமல் போன கோப்புக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

• அலுவலகப் பணத்தை ஒரு நாள்கூடக் கையில் வைத்திருக்காதீர்கள். மறுநாளே கட்டினாலும் அதற்குப் பெயர் தற்காலிகக் கையாடல்.

• நண்பருக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மாட்டுவது இருவரும்.

• அமைச்சர் வீட்டுச் சிபாரிசு தேடிப் போகாதீர்கள். வெளியார் செல்வாக்கைக் கொண்டுவருவதே நடத்தை விதிக்கு விரோதம். அந்தக் கடிதம் உங்கள் கோப்பிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும்.

• வாட்ஸ்அப் குரூப்பில் அரசாணையைத் திட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் உங்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவராகவும் இருக்கலாம்.

• வெளியூர் போட்டுவிடுவார்கள் என்று பயந்து பதவி உயர்வைத் துறக்காதீர்கள். குறைந்தபட்சம், வீட்டில் கலந்து பேசாமல் எழுதிக் கொடுக்காதீர்கள். தற்காலிகமாகத் துறந்தாலும் உடனே அடுத்த பேனலில் பெயர் வந்துவிடாது. அதற்குள் ஜூனியர்கள் மேலே போய், ஒரு நாள் உங்களுக்கே கண்காணிப்பாளராகவும் வரலாம். துறப்புக் கடிதம் ஏற்கப்பட்டு எஸ்.ஆரில் ஏறியபின், "அப்போ பொண்ணு பிளஸ் டூ சார்" என்று சொன்னால் யாரும் திருத்தித் தரமாட்டார்கள்.